லினன் ரூமில் நாம் படித்த புரோனவுன்

அக்கா,

இன்று காலை லினன் ரூமில் போனை எடுத்துக் காதில் வைத்தேன். தைலம் மணக்கவில்லை.

மறுமுனையில் ஒருவர் இன்னும் இரண்டு தலையணை வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டேன், சரி சார் என்றேன், வைத்தேன். பிறகு அறையில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு மறுபடியும் எடுத்து மூக்கருகே பிடித்தேன். பிளாஸ்டிக் வாடை. கொஞ்சம் சோப்பு. அவ்வளவுதான்.

திங்கட்கிழமைகளில் மேசையையும் போனையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது நம் வழக்கம். நீங்கள் போன பிறகும் நான் துடைக்கிறேன். வாய் வைத்துப் பேசும் அந்தச் சிறு துளைகளை மட்டும் விட்டுவிடுவேன். பாகான் டாலாமிலிருந்து தினமும் கடலைத் தாண்டி வேலைக்கு வருகிறவருக்குக் கடல் ஆகாது என்றால் யார் நம்புவார்கள்? ஃபெர்ரியில் ஏறும்போதே நெற்றியிலும் மூக்கடியிலும் தைலத்தைத் தடவிக்கொள்வீர்கள். "பட்டர்வொர்த்துல பொறந்துட்டு ஃபெர்ரியில மயக்கம் வர்ற ஒரே ஆளு நான்தான்லா" என்று நீங்களே சிரிப்பீர்கள். அந்த மணம் இத்தனை மாதம் போனில் தங்கியிருந்தது. அது இருக்கும்வரை, நீங்கள் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு மேல்மாடிக்குப் போயிருக்கிறீர்கள், இப்போது வந்துவிடுவீர்கள் என்பது போல எனக்கு ஒரு நினைப்பு.

இன்று அது இல்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏன் வரவில்லை என்று உங்களிடம் சொல்லத்தான் வேலை முடிந்து வீட்டில் வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அந்த அறைக்கு வந்த முதல் நாளை நினைத்துப் பார்க்கிறேன். அம்மாவுக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்த வருடம் நான் பள்ளிக்குப் போகாமல் அவரைப் பார்த்துக்கொண்டேன். அவர் எழுந்து நடக்கும்போது என் வகுப்புப் பிள்ளைகள் மேலே போய்விட்டார்கள். சின்னவர்களோடு போய் உட்கார வெட்கம். அப்படியே நின்றுவிட்டேன். பிறகு ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே இயந்திரங்கள் போடும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. காக் ரோஸ்தான், நாம் இருவரும் மலாயில் அக்கா என்று கூப்பிடும் மேற்பார்வையாளர், என்னைப் பிடித்து மேலே லினன் ரூமுக்கு அனுப்பினார். அறைகளுக்குப் போகிற துண்டும் விரிப்பும் அடுக்கி வைக்கிற இடம், வேலை சுலபம் என்றார். மேசையில் ஒரு போன் இருக்கிறது என்றும், விருந்தினர்கள் எது வேண்டுமானாலும் அதில்தான் கூப்பிடுவார்கள் என்றும் அவர் சொல்லவில்லை.

"பேரு என்னா?" என்று கேட்டீர்கள். சொன்னேன்.

"என்னா?"

மறுபடி சொன்னேன்.

"கொசு பேசுன மாதிரி இருக்கு. சரி விடு, பாப்பான்னே கூப்பிடுறேன்."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. உங்கள் இரண்டு கையிலும் துண்டு. எடு என்று கண்ணால் காட்டினீர்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"எடுலா. கடிக்காது."

நான் அசையவில்லை. துண்டுகளை என் மேல் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுத்தீர்கள். "ஹலோ, குட் மார்னிங், ஹவுஸ்கீப்பிங். யெஸ் சார். ஹிம் டவல் ஐ சென்ட் ஆல்ரெடி சார்." குரலில் கொஞ்சமும் நடுக்கமில்லை. நான் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

"என்னா சிரிப்பு?"

"ஹிம் இல்லக்கா. ஹிஸ்."

கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். "தெரிஞ்சவ போனை எடுக்க மாட்டா. எடுக்கிறவளுக்குத் தெரியாது. நல்ல ஜோடிதான் போ."

கீழே ரிசெப்ஷனில் கெபாயா உடுத்தி நிற்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. அதற்கு ஹோட்டலில் ஓர் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். உங்கள் தம்பியின் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றைப் பையிலேயே வைத்திருந்தீர்கள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கடைசியில் புரோனவுன் பாடத்தில் வந்துதான் நிற்பீர்கள். "பேருக்குப் பதிலா வர்ற சொல்லு. அது சரி. ஒரு பேருக்கு ஒரு சொல்லு போதாதா? என்னாத்துக்கு இத்தனை வகை?" என்று புத்தகத்தையே கேட்பீர்கள்.

எனக்கு அந்தப் பாடம் பள்ளியிலேயே பிடிக்கும். அதைச் சொல்ல ஒரு வாரம் ஆனது. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, மெதுவாக, "ஒவ்வொரு வகையையும் அலமாரியில ஒரு தட்டுல வச்சுக்கலாம்க்கா" என்றேன். நீங்கள் உடனே எழுதி ஒட்ட மார்க்கரையும் டேப்பையும் எடுத்துவிட்டீர்கள்.

பெரிய துண்டு இருக்கும் தட்டில் ஐ, யூ, ஹீ, ஷீ எல்லாம் போயின. எல்லா அறைக்கும் தினமும் தேவைப்படுவது அதுதானே. தலையணை உறைத் தட்டில் மைன், யுவர்ஸ், ஹெர்ஸ். தலையணையைத்தான் மனிதர்கள் என்னுடையது என்று கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். குளித்துவிட்டு உடுத்தும் அங்கித் தட்டு மைசெல்ஃப், யுவர்செல்ஃப் ஆனது, தனக்குத் தானே கட்டிக்கொள்வதால். கைக்கெட்டும் தட்டு திஸ், ஏணி போட்டு ஏற வேண்டியது தட். போனுக்கு மேலே ஹூ, வாட், விச். விருந்தினர்கள் விட்டுப்போன பொருள்களைப் போட்டு வைக்கும் கூடையில் சம்படி, எனிபடி, நோபடி. அந்தக் கூடையைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கு ஒரு பேச்சு இருக்கும்.

"இந்த ஹோட்டல்ல சம்படின்னு ஒரு ஆளு இருக்கான் பாப்பா. கப்பை உடைச்சவன் அவன். லிஃப்ட்ல சூயிங்கம் ஒட்டுனவன் அவன். சம்பளம் மட்டும் வாங்க மாட்டான்."

வாக்கியங்களைச் சேர்க்கிற ஹூவும் விச்சும் எந்தத் தட்டுக்கும் சரிப்படவில்லை. புத்தகத்தில் அதற்கு வேறு வகைப் பெயர் இருந்தது. போனுக்கு மேலே இருப்பதும் ஹூதானே, இது எப்படி இன்னொன்று என்று நீங்கள் இரண்டு நாள் சண்டை போட்டீர்கள். கடைசியில், இரண்டு விரிப்புக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டுகிற நாடாவைக் காட்டினேன். கேள்வி கேட்காமல், இதையும் அதையும் சேர்த்துக் கட்டுகிற ஹூ இது என்றேன். நாடாவைக் கையில் வாங்கி அவிழ்த்தீர்கள், கட்டினீர்கள். "டோர் ஓப்பன் பண்ண அண்ணன், ஹூ... இல்ல இரு. தி மேன் ஹூ ஓப்பன் தி டோர்." முகம் அப்படி மலர்ந்தது.

பிறகு அது விளையாட்டானது. ஒரு துணியை எடுத்து வீசுவோம். பிடிக்கிறவர் அந்தத் தட்டின் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பெரிய மெத்தை உறையைத் தனியாக மடிக்க வேண்டும். அனேகமாக எல்லா உறையையும் நீங்கள்தான் மடித்தீர்கள். ஆனால் நான் வாக்கியத்தைத் துண்டுக்குள்தான் சொல்வேன். "சுவத்துக்குக் கேக்குற மாதிரி சொல்லு, அப்பதான் பாயிண்டு" என்பீர்கள்.

தேர்வுக்குப் படித்தாலும் நம் வாய் நம் வாய்தான். ஒரு முறை தனியாகத் தங்கியிருந்த வயதான பெரியவர் ஒருவர் குளியல் அங்கி கேட்டார். அறைகளுக்குத் துணி கொண்டுபோகும் மணியம் அண்ணனுக்கு நீங்கள் வாக்கி-டாக்கியில் ஆங்கிலத்திலேயே சொன்னீர்கள், பயிற்சிக்காக. அவங்க குளிக்கப் போறாங்க, அவங்களுக்கு வேணும் என்று மனதில் ஓடியது அப்படியே தே, தெம் என்று வந்துவிட்டது. மணியம் அண்ணன் ஒரு குடும்பமே வந்திருக்கிறது என்று நான்கு அங்கியைச் சுமந்துகொண்டு போய் நின்றார். திரும்பி வந்து, "எம்மா, உள்ள ஒரே ஒரு தாத்தாதான் இருக்காரு. மிச்சம் மூணு பேரு எங்க?" என்றார்.

"மரியாதை குடுத்தேன் அண்ணே."

"இனிமே கொஞ்சமா குடு. முதுகு வலிக்குது."

எனக்கோ அந்த மரியாதைதான் தொண்டையில் அடைத்தது. பெரியவர் ஒருவரிடம் முகத்துக்கு நேரே யூ என்று எப்படிச் சொல்வது? தமிழில் நீ என்று சொன்னால் அடி விழும். மலாயிலும் நீ என்பதற்கு அவாக் என்று சொல்ல மாட்டோம், மாமா, அத்தை என்பது போல பாக்சிக், மாக்சிக் என்றுதான். என் இரண்டு மொழியிலும் இல்லாத துணிச்சல் ஆங்கிலத்துக்கு மட்டும் எங்கிருந்து வரும்? ஆகவே அங்கிள், ஆன்ட்டி என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றேன். அதற்கும் வழியில்லை. நீங்கள் ஒரு முறை அங்கிள் என்று சொல்லி, காக் ரோஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். "சினி ஹோட்டல், புக்கான் பாசார்." இது ஹோட்டல், சந்தை இல்லை. சார், மேடம் என்று மட்டும்தான் சொல்ல வேண்டும்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "வெள்ளக்காரனுக்கு ராஜாவும் யூதான், பூனையும் யூதான். சொல்லுல மரியாதை இல்லேன்னா என்னா, கொரல்ல வச்சுக்க. உன்கிட்டதான் கொரலே இல்லியே, மொதல்ல அதைக் கொண்டா."

சாப்பாட்டு நேரம் என்றால் உங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உங்கள் கைபேசியில் எப்போதும் சார்ஜ் இருக்காது. மேசை போனில் வெளி லைனுக்கு ஒன்பதை அழுத்தி வீட்டுக்குக் கூப்பிடுவீர்கள். அம்மாவின் நம்பரை நீங்களே ஒரு துண்டு டேப்பில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தீர்கள், மறந்தா என்னா பண்றது என்று. காக் ரோஸ் பார்த்தும் பார்க்காதது போல இருப்பார். "ம்மா, இன்னைக்கு என்னா சமையல்?" அவ்வளவுதான் பேச்சு. அவர் சொல்வார். நீங்கள் ஏதாவது நொட்டை சொல்வீர்கள். வைத்துவிடுவீர்கள். நான் டப்பாவைத் திறந்துகொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தேர்வுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தைய வாரம் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தீர்கள். டெங்கி என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் வர இருந்த நாளில் மணியம் அண்ணன் வாசலில் வந்து நின்று, இனிப் போக வேண்டாம் பாப்பா என்றார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

பதினாறாம் நாள் படையலுக்கு ஃபெர்ரி ஏறி வந்தேன். உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேசாத பொண்ணுன்னு சொல்லுவாளே, அது நீதானா? அதுக்கு எல்லாம் தெரியும்மா, வாயை மட்டும்தான் வீட்டுல வச்சிட்டு வந்துருதுன்னு சொல்லுவா." அழுதுகொண்டே சிரித்தார். நான் போகும்போது, "மத்தியானமானா கண்ணு போனுக்குத்தான் போகுது. என்னா சமையல்னு கேக்க ஆளில்ல. எப்பயாச்சும் ஒரு போன் போடும்மா" என்றார். தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுத்தவில்லை. அது தமிழ்தான், அக்கா. தமிழில்கூட எனக்கு வரவில்லை.

வேலையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மணியம் அண்ணன் மாடியிலிருந்து ஓடிவந்து எடுத்தார். எத்தனை நாள் ஓடுவார்? காக் ரோஸ் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். திட்டவில்லை. மாதக் கடைசி வரை பார்ப்பதாகவும், அதற்குள் நான் போனை எடுக்காவிட்டால் வெளியிலிருந்து ஆள் போட்டுவிட்டு என்னைச் சலவைக்கூடத்துக்கே அனுப்ப வேண்டியிருக்கும் என்றும் மலாயில் சொன்னார். முன்பென்றால் சந்தோஷமாக இறங்கிப் போயிருப்பேன். இப்போது வேறு யாரோ வந்து அந்தத் தட்டுகளில் இருக்கிற டேப்பையெல்லாம் உரித்துப் போடுவார்கள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து போனை எடுக்க ஆரம்பித்தேன். யெஸ் சார், ஓகே மேடம், அவ்வளவுதான் வரும். என்ன, என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒருவர் பாதியில் வைத்துவிட்டார்.

பிறகு ஒரு மத்தியானம், நல்ல மழை. போனை எடுத்தேன். பேச்சே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு வயதான பெண் குரல், மிக மெல்லியது. "இஸ் எனிபடி தேர்?"

என் கண் தானாகக் கூடைப் பக்கம் போனது.

"யெஸ்," என்றேன். "மீ. மீ ஹியர், ஆன்ட்டி."

புத்தகப்படி அது சரியில்லை என்று தெரியும். நீங்கள் பேசுகிற மாதிரியே வந்துவிட்டது. ஆன்ட்டி என்றும் சொல்லிவிட்டேன். திருத்த நேரமில்லை. குளியலறைச் சுவரில் இருக்கும் போனிலிருந்து பேசுகிறார். மழைக்குக் கதவு ஊதிப்போய்த் திறக்க மாட்டேன் என்கிறது. இழுத்துப் பார்த்ததில் வழுக்கி விழுந்திருக்கிறார். இதெல்லாம் விட்டு விட்டு வந்தது. யார் கூட இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஹூ இஸ் வித் யூ? நோபடி, கணவர் வெளியே போயிருக்கிறார் என்றார். டிட் யூ ஹர்ட் யுவர்செல்ஃப்? முழங்கால் என்றார், தலையில் அடியில்லை. எந்தத் தட்டில் எந்தச் சொல் என்று நான் தேடவே இல்லை, அக்கா. நீங்கள் வீசின துணி மாதிரி ஒவ்வொன்றாகக் கைக்கு வந்து விழுந்தன. இன்னொரு கையில் வாக்கியை எடுத்து, "அண்ணே, ஓடுங்கண்ணே, பாத்ரூம் கதவு மாட்டிக்கிச்சு, டெக்னீசியனையும் கூப்பிடுங்க" என்று அறை எண்ணைச் சொன்னேன். சுவருக்கு மட்டுமில்லை, வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும்.

அவர் போனை வைக்க வேண்டாம் என்றார். வைக்கவில்லை. ஆனால் என்ன பேசுவது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"ஆன்ட்டி, வாட் யூ ஈட் டுடே?"

அந்த அம்மா சிரித்தார். காலையில் தெருக்கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டாராம், உறைப்பில் காது அடைத்துவிட்டதாம், கணவர் மட்டும் இன்னொரு தட்டு வாங்கினாராம். எந்தக் கடை என்று கேட்டேன். அடையாளம் சொன்னார். அடுத்த தடவை மிளகாய்ச் சம்பலைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள் என்றேன். நானா பேசினேன் என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம். கதவு திறக்கிற சத்தம் போன் வழியாகவே கேட்டது. வாக்கியில் மணியம் அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார், "பாப்பா, தொறந்தாச்சு. ஒண்ணும் இல்ல, முட்டி கொஞ்சம் வீங்கியிருக்கு. உன்னையத்தான் கேக்குறாங்க, அந்தப் பொண்ணு யாருன்னு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் காக் ரோஸ். எவ்வளவு நேரமாக நின்றாரோ. ஆன்ட்டி என்றா கூப்பிட்டாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். தட்டுகளில் ஒட்டியிருக்கிற டேப்பை ஒரு முறை பார்த்தார். "முதல்ல மேடம்னு ஆரம்பி. அப்புறம் ஆன்ட்டி ஆகட்டும்" என்று மலாயில் சொல்லிவிட்டு, மேசை நாற்காலியை இழுத்து என் பக்கம் தள்ளினார். அவர் போன பிறகு அதில் உட்கார்ந்தேன். உங்கள் நாற்காலியில் அதுவரை நான் உட்கார்ந்ததே இல்லை, நின்றுகொண்டேதான் போன் எடுப்பேன். நெஞ்சில் பல மாதமாக முறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. யாரும் வந்து டேப்பை உரிக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு நிறையப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. உங்கள் தைலத்தை என் மூச்சே கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துவிட்டது. காலையில் அது புரிந்தபோது வருத்தத்தைவிட ஒரு லேசான உணர்வுதான் வந்தது. மரியாதையைக் குரலில் வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். அந்தக் குரலைக் கொண்டுவந்துவிட்டேன், அக்கா. இன்னும் சின்னக் குரல்தான். ஆனால் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது.

இன்று மதியம் டப்பாவைத் திறந்தேன். சுவரில் உங்கள் கையெழுத்தில் அந்த நம்பர். டப்பாவை மூடிவிட்டு ஒன்பதை அழுத்தினேன், பிறகு நம்பரை. வெகுநேரம் அடித்தது.

"யாரு?" என்றார் உங்கள் அம்மா.

"நான்தாம்மா," என்றேன். "இன்னைக்கு என்னா சமையல்?"